தாளித்த ஐஸ்

அந்த யோசனை எனக்கு வந்தது அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது.

சனிக்கிழமை மத்தியானம். பினாங்கு பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அப்பா கிராணி; குமாஸ்தா வேலை. சனிக்கிழமை அரை நாள் வேலை. சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. உள்ளேயிருந்து 'கரக் கரக்' என்று ஒரு சத்தம். எலியோ என்று எட்டிப் பார்த்தேன்.

ஐஸ்பெட்டியின் கதவை அகலத் திறந்து, அந்தக் குளிரில் வயிற்றைக் காட்டிக்கொண்டு, அப்பா ஒரு கரண்டியால் தயிர்ச் சட்டியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டியதை வாயில் போட்டுக் கடித்தார். மறுபடி சுரண்டினார்.

தயிர் உறைந்து போனதற்குக் காரணம் அண்ணன். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, பஸ்ஸும் பெர்ரியும் ஏறி வீட்டுக்கு வருகிறவனுக்குத் தண்ணீர் பல் கூசுகிற அளவுக்கு ஜில்லென்று இருக்க வேண்டும். குளிரைக் கூட்டும் திருகை எப்போதும் கடைசி எண்ணில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவான். அன்றைக்குக் கீரை கண்ணாடி மாதிரி நொறுங்கியது. தயிர்ச் சட்டியில் ஓரமெல்லாம் வெள்ளைச் செதில்.

"என்னப்பா பண்றீங்க?"

திரும்பினார். மீசையில் தயிர்.

"ஒன்னுமில்ல லா. ஐஸா போச்சு. வீணாப் போகக் கூடாதுல்ல."

"நல்லாவா இருக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "நறுக்கு நறுக்குன்னு இருக்கு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லாத."

சீனி ஒரு துளி இல்லாத ஒன்றை, யாரும் வற்புறுத்தாமல், ஒளிந்து நின்று அப்பா சாப்பிடுகிறார். எங்கள் வீட்டில் அந்த வாரங்களில் இதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

சிவந்த நாக்கு

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வாயைக் கட்டச் சொன்னார். அடுத்த தடவை ரத்தம் பார்க்கும்போது இறங்கியிருக்காவிட்டால் ஊசிதான்; அதுவும் தினமும், தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு ஊசி பயம் என்று சொன்னால் போதாது. அண்ணன் குழந்தையாக இருந்தபோது தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி அண்ணனுக்கு. மயங்கி விழுந்தது அப்பா. குழந்தை சிரித்துக்கொண்டிருக்க, நர்ஸ் அப்பாவைப் பெஞ்சில் படுக்க வைத்து விசிறினாராம். இந்தக் கதையை அம்மா போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்வார்.

ஆகவே அப்பா உண்மையாகவே பயந்திருந்தார். சோற்றைப் பாதியாக்கினார். காப்பியில் சீனியை நிறுத்தினார். தீபாவளிக்கு மிஞ்சிய முறுக்கு டின்னைக்கூட எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். விட முடியாதது ஒன்றே ஒன்று. ஐஸ் கச்சாங்.

தெரியாதவர்களுக்காக: துருவிய ஐஸை மலை மாதிரி குவித்து, அடியில் சிவப்பு பீன்ஸும் சோளமும் வழுக்குகிற கருப்பு ஜெல்லியும் வைத்து, உச்சியில் சிவப்புச் சீனிப்பாகும் பாலும் ஊற்றிக் கொடுப்பார்கள். அலுவலகத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடியில் அந்தத் தள்ளுவண்டி. பினாங்கில் மழையில்லாத மாதங்களில் நாலரை மணி வெயில் தாரை உருக்கும். அந்த வெயிலில் நடந்து வருகிற மனிதனின் கண்ணெதிரே ஒருவர் ஐஸ் துருவிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அப்பா என்ன செய்தாரோ அதைத்தான்.

காட்டிக் கொடுத்தது சீனிப்பாகின் நிறம்.

"நாக்க நீட்டுங்க," என்பார் அம்மா, வாசலிலேயே.

"எதுக்கு?"

"நீட்டுங்க லா."

நாக்கு செம்பருத்தி மாதிரி இருக்கும்.

"ஆபீஸ்ல வெத்தல குடுத்தாங்க."

"யாரு? உங்க மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, வெத்தல போட ஆரம்பிச்சிட்டாரா?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் அதற்கு அடுத்த வரி வராது. அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டுவார். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம். ஆனால் ஒருநாள் உருட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "தைப்பிங்ல எங்க சித்தப்பாவுக்குக் கால எடுத்தாங்களே, இதுலதான்," என்றார். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. அப்பா சட்டையை மாட்டுகிற இடத்தில் வெகு நேரம் நின்றார்.

அடுத்த நாளும் நாக்கு சிவப்பாகத்தான் இருந்தது.

கல்

போன வாரம் டைப்பிங் வகுப்புக் கதையைப் படித்தவர்களுக்கு, எஸ்.டி.பி.எம். பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில் நான் எப்படித் துடித்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியும். கைக்கு வேலை வேண்டும், மண்டைக்கும் வேண்டும். தயிர்ச் சட்டி இரண்டையும் கொடுத்தது. சீனியில்லாத ஐஸ் ஒன்றை வீட்டிலேயே செய்து, அப்பாவை அந்த மரத்தடியிலிருந்து பிரித்து எடுத்துவிடுவது. அதற்குள் ரத்தப் பரிசோதனை வந்துவிடக் கூடாது.

எங்கள் டத்தோ கிராமாட் பக்கத்துச் சந்துகளில் அப்போதெல்லாம் ஏதாவது ஒரு வீட்டு ஜன்னலில் ஐஸ் விற்பார்கள். விரல் அகலத்தில் நீளமான பிளாஸ்டிக் பை. அதில் கலர்த் தண்ணீரோ கோக்கோவோ ஊற்றி, முடிச்சுப் போட்டு உறைய வைத்தது. பல்லால் மூலையைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்ச வேண்டும். எங்கள் ஆரம்பப் பள்ளியில் மத்தியான வகுப்புப் பிள்ளைகளின் சட்டைப் பையெல்லாம் அதன் கறைதான். அப்பா சொல்வார், அவர் காலத்தில் பையும் கிடையாதாம். துருவிய ஐஸை உருண்டையாகப் பிடித்து, பாகு ஊற்றி, கையிலேயே கொடுப்பார்களாம். வீடு வந்து சேருவதற்குள் முழங்கைவரை பிசுபிசுக்குமாம். இதைச் சொல்லும்போது முழங்கையைத் தடவிக்கொள்வார். எத்தனை வருஷத்து ஐஸோடு எனக்குப் போட்டி என்று அப்போதுதான் புரிந்தது.

பைகளை வாங்கி வந்தேன். தயிரைக் கடைந்து, புனல் வைத்து ஊற்றி, முடிச்சுப் போட்டு ஐஸ்பெட்டிக்குள் அடுக்கினேன். அண்ணனின் திருகு முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

மறுநாள் எடுத்தேன். கல்.

அப்பா கடித்தார், தாடையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அண்ணன் ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் தட்டினான். டொக் டொக்.

"வாணி, எங்க பேக்டரிக்கு ஒரு டஜன் குடு. சுத்தியல் பத்தல."

தண்ணீரில் ஏதாவது கரைந்திருந்தால் அது லேசில் கட்டியாகாது என்று ஆறாம் படிவத்தில் படித்து, அதைப் பரீட்சையிலும் எழுதிவிட்டு வந்தவள் நான். சீனியை எடுத்துவிட்டால் ஐஸ் கல்லாகும் என்பது அண்ணன் மேசையைத் தட்டும்வரை எனக்குத் தோன்றவில்லை.

வேட்டித் துணி

சீனி போட முடியாது. அப்படியானால் தண்ணீரை எடு.

அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்தேன். தயிரை மூட்டையாகக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன். கீழே சட்டி. சொட்டு சொட்டாக இறங்கிய தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு அம்மா குழாய் ஒழுகுகிறது என்று அதை இறுக்கி இறுக்கித் திருகிக்கொண்டிருந்தார். மூட்டையைப் பார்த்ததும், "தயிர தூக்குல போட்டுட்டியா?" என்றார்.

அப்பா எட்டிப் பார்த்தார். "அது என் வேட்டிதான?"

துணிக்குள் மிஞ்சியது வெண்ணெய் மாதிரி திரண்டிருந்தது. பாதி உறைந்ததும் வெளியே எடுத்து ஒருமுறை நன்றாக அடித்தேன், ஊசி ஊசியாக ஐஸ் சேரக் கூடாது என்பதற்காக. பழுத்த பப்பாளியைக் கொஞ்சம் மசித்துச் சேர்த்தேன். இந்தத் தடவை பல் இறங்கியது. நாக்கில் கரைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவும் "நல்லா இருக்கும்மா," என்று ஒரு பையை முழுவதும் சாப்பிட்டார்.

அம்மாவுக்கு மட்டும் சம்மதமில்லை. "தயிரே குளிர்ச்சி. அத ஐஸும் ஆக்கிக் குடுத்தா நெஞ்சுல சளி கட்டும். ஒரு வியாதிக்கு மருந்துன்னு இன்னொன்ன வாங்கிக்கப் போறாரு."

"சளிக்கும் ஐஸுக்கும் சம்பந்தமில்லம்மா."

"ஆமா, நீ படிச்சவ."

ஒரு வாரம் ஓடியது. தினமும் பப்பாளித் தயிர் ஐஸ். தினமும் "நல்லா இருக்கும்மா." பிறகு ஒரு மாலை அம்மா வாசலில் நாக்கைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சிவப்பு.

"என் ஐஸ் நல்லா இல்லன்னா சொல்லிடுங்கப்பா."

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எப்படிச் சொல்றது... இனிப்பு வர்ற மாதிரி இருக்கு, வரல. வாய் அதையே தேடிக்கிட்டு இருக்கு. அப்புறம் கால் தானா அங்க போயிடுது."

பரிசோதனைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அம்மா கை வைத்த நாள்

மறுநாள் காலை தயிரை வடித்து, சட்டியில் போட்டு, பக்கத்தில் பப்பாளியையும் பைகளையும் புனலையும் வைத்துவிட்டு டைப்பிங் வகுப்புக்குப் போய்விட்டேன். மனம் விட்டுப் போயிருந்தது. வந்து செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது சமையலறையில் தாளித்த வாசனை. சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. பப்பாளி இருந்த இடத்திலேயே இருந்தது.

"தயிர் எங்கம்மா?"

"உள்ள வச்சாச்சு. நீ அவசரத்துல உப்புகூடப் போடாம விட்டுட்டுப் போயிட்ட. நான் போட்டு, தாளிச்சு, பையில ஊத்திக் கட்டிட்டேன். உன்ன மாதிரியே."

"தாளிச்சீங்களா?"

"கடுகு, கருவேப்பில. சளி கட்டக் கூடாதுன்னு இஞ்சி தட்டிப் போட்டேன், கொஞ்சம் மெளகு. தயிருக்கு வேற என்ன போடுவாங்க?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா கேலி செய்யவில்லை. ஒரு வாரமாக நான் செய்வதைப் பார்த்து, உதவி செய்திருக்கிறார். வடித்த தயிரைப் பார்த்ததும் கை தன் பாட்டுக்கு உப்பு டப்பாவைத் தேடியிருக்கிறது. பழம் போட்டுத் தயிரை உறைய வைப்பார்கள் என்பது ஒரு வாரம் பார்த்தும் அவர் மனதில் உட்காரவே இல்லை. பப்பாளி சாப்பாட்டுக்குப் பிறகு நறுக்கித் தருவதற்கு என்று நினைத்திருக்கிறார்.

சாயங்காலம் அப்பா வந்தார். நாக்குப் பரிசோதனை. லேசான சிவப்பு. அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக் வழியே கடுகு புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

அண்ணன் அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தான். "என்ன இது, ஐஸுக்குள்ள எறும்பு?"

"கடுகு," என்றேன்.

"கடுகு ஐஸா? அடுத்து சாம்பார் ஐஸா? வடைக்குத் தொட்டுக்க நல்லா இருக்கும் லா."

அப்பா மூலையைக் கடித்துத் துப்பினார். ஒரு வாய் இழுத்தார். நின்றார். இன்னொரு வாய். கடுகு பல்லில் பட்டு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பை சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் அதைத் தலைகீழாகப் பிடித்து விரலால் வழித்தார்.

"இன்னொன்னு இருக்கா?"

"நல்லா இருக்கா?" என்றேன்.

"வெயில்ல வந்தா இதுதான் வேணும்போல இருக்கு," என்றார் ஆச்சரியத்தோடு, தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை யாரோ சொல்லிவிட்ட மாதிரி. "மோரக் கடிச்சுத் தின்ன மாதிரி. வாய் எதையும் தேடல."

இனிப்புக்குப் பதில் இன்னொரு இனிப்பு என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வேண்டியிருந்தது வெயிலுக்கு ஒரு பதில். அது உப்பாகவும் இருக்கலாம் என்பது புத்தகத்தில் இருந்து எனக்கு வரவில்லை. அம்மாவுக்கும் தெரிந்து வரவில்லை. பழக்கதோஷத்தில் வந்தது.

அண்ணன் ஒரு பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். பிறகு வந்து இன்னொன்று எடுத்தான்.

"வேற கடைக்குப் போறாரா?"

அடுத்த நாளிலிருந்து அப்பா நேரே வீட்டுக்கு வந்தார். நாக்கு அவருடைய சொந்த நிறத்தில் இருந்தது. ஒரு வாரம் ஆகியும் அம்மா நம்பவில்லை.

"பாகு இல்லாம, பால் மட்டும் ஊத்தி வாங்கித் திங்கிறாரோ என்னமோ. ஆம்பளைங்க மூளை இதுல நல்லா வேலை செய்யும். நீ போய்ப் பாரு."

போனேன். வேவு பார்க்கப் போகிறவள் சும்மா நிற்க முடியாதே. எனக்கும் ஒரு கிண்ணம் சொன்னேன். கடைக்காரர் வயதான சீனர். அப்பாவோடு என்னைப் பல தடவை பார்த்தவர். ஐஸைத் துருவிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடிக், பாப்பா லாமா தாக் நம்பாக். சாகிட் கா?"

தங்கச்சி, அப்பாவை ரொம்ப நாளாகக் காணோமே, உடம்புக்கு என்ன என்று கேட்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை அங்கிள், நன்றாக இருக்கிறார் என்று மலாயில் சொன்னேன்.

அவர் முகம் இன்னும் வாடியது. துருவுவதை நிறுத்தினார். அப்படியானால் வேறு கடைக்குப் போகிறாரா, எந்தக் கடை என்று கேட்டார்.

இல்லை, வீட்டிலேயே செய்கிறோம் என்றேன். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றி, "அப்பாவிடம் சொல்லு" என்று கிண்ணத்தை வைத்தார். சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "சரி," என்று வெங்காயத்தை நறுக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். அந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது.

பெஞ்சு

பரிசோதனை முடிவு வாங்க அப்பாவோடு நான்தான் போனேன். அம்மா வரவில்லை, வந்தால் தனக்கு முதலில் மயக்கம் வரும், அது அப்பாவுடைய இடம், தான் பிடுங்கக் கூடாது என்றார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்பா தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எதிரே கதவு திறந்து திறந்து மூடியது. ஒருமுறை உள்ளே ஒரு தட்டில் ஊசிகள் தெரிந்தன. அப்பா உடனே கூரையில் சுற்றும் விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"வாணி, ஒருவேள ஊசின்னு சொல்லிட்டா, நீ போட்டு விடுவியா?"

"போடுறேம்பா."

"அம்மா வேணாம். அவ கோவத்துல குத்துவா."

பெயர் கூப்பிட்டார்கள். டாக்டர் இளவயதுத் தமிழர். தாளைப் பார்த்தார், பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் எழுதிய அத்தனை பரீட்சை முடிவும் இருந்தது.

"ம். நல்லா எறங்கியிருக்கு. ஊசி இப்ப தேவையில்ல. மாத்திரையே கண்டினியூ பண்ணுங்க."

அப்பா நாற்காலியில் கொஞ்சம் சரிந்தார். நான் தோளைப் பிடித்தேன். மயக்கம் இல்லை, மூச்சு விட்டிருக்கிறார், அவ்வளவுதான். எவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தாரோ.

"என்ன மாத்தினீங்க சாப்பாட்டுல?"

"ஐஸ் கச்சாங்க விட்டுட்டேன், டாக்டர். இப்ப தாளிச்ச ஐஸ்."

"என்ன ஐஸ்?"

நான் விளக்கினேன், கொஞ்சம் வேகமாக. வேட்டித் துணியையும் விட்டுவிடவில்லை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், "உப்ப மட்டும் கம்மி பண்ணுங்க. பிரஷரும் இருக்குல்ல," என்றார். தயிர் ஐஸ் நோயைக் குணப்படுத்தியது என்று இதைப் படிக்கும் யாரும் நினைத்துவிட வேண்டாம். மாத்திரை தன் வேலையைச் செய்தது. ஐஸ் கச்சாங்கைத் தாண்டி நடக்க அப்பாவுக்குக் கால் கிடைத்தது. ஐஸ் செய்தது அவ்வளவே. அடுத்த பரிசோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அப்பா பொதுத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசினார். "ஊசி இல்ல," என்றார். அந்தப் பக்கம் என்ன நடந்ததோ, "சரி சரி, அழாத," என்று வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். காற்று முகத்தில் அடித்தது. நாலு நிறுத்தம் தாண்டியது.

"உப்பக் கம்மி பண்ணச் சொல்லிட்டாரே," என்றார் திடீரென்று. "அப்ப அதுக்குப் பதிலா புளிப்புக்கு என்ன பண்ணலாம்?"

"எலுமிச்சம்பழம்?"

"அது எல்லாரும் போடுறது லா." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே யோசித்தார். "ஜாதிக்கா போட்டா? பச்சக் காய். பாலிக் பூலாவ்லருந்து வருமே. ஊறுகாக்கு வெட்டுற மாதிரி சீவி, தயிர்ல போட்டு..."

"துவர்க்கும்ப்பா."

"துவர்க்கட்டுமே. செஞ்சு பாத்தாதான தெரியும். துருவணுமா, அரைக்கணுமா?"

எனக்குத் தெரியவில்லை. அரைத்தால் நார் தட்டுமோ, துருவினால் கசக்குமோ, தோலைச் சீவ வேண்டுமா என்று மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. ஜாதிக்காய்க் கடைகள் இருக்கும் சௌராஸ்தா பசாருக்கு முன்னால் பஸ் நின்றது. எங்கள் நிறுத்தம் இன்னும் தள்ளி. நான் அதைச் சொல்வதற்குள் அப்பா எழுந்து, எனக்கு முன்பே படியிறங்கிவிட்டார்.